மைனி என்று கூப்பிட்டவர்

அவர் என்னை ‘அக்கா’ என்று கூப்பிட்டுத் தொலைத்திருந்தால் நான் இன்றைக்கும் பெருமையாகப் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்துகொண்டிருப்பேன். ‘மேடம்’ என்றிருக்கலாம். முடி நரைத்திருக்கிறதே என்று ‘ஆச்சி’ என்றிருந்தால்கூடக் கோபப்பட்டிருக்க மாட்டேன். ஆழ்வார்குறிச்சிக்கு முந்தின டீக்கடை அது. காலை ஏழு மணி. டீயை ஆற்றிக்கொண்டே அந்த மனிதர் கேட்டார்: “மைனி, சீனி கூடப் போடட்டுமா?”

எங்கள் பக்கத்தில் மைனி என்றால் அண்ணன் பெண்டாட்டி. வேறு அர்த்தம் கிடையாது. ரோட்டில் போகிற முன்பின் தெரியாத பொம்பளையை எவனும் மைனி என்று கூப்பிட மாட்டான். கூப்பிட்டால் செருப்படி விழும். ஒருத்தர் வாயில் அந்தச் சொல் வர வேண்டுமென்றால் அவருக்கு ஓர் அண்ணன் இருக்க வேண்டும், அந்த அண்ணனுக்கு நான் பெண்டாட்டியாக இருக்க வேண்டும். என் வீட்டுக்காரரோ தம்பி இல்லாத ஒற்றைப் பிள்ளை.

நான் தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீடு இலஞ்சியில். வீட்டுக்காரர் தேங்காய் மண்டி வைத்திருக்கிறார். பன்னிரண்டு வருடமாக, வருடத்துக்கு இரண்டு தடவை, லீவைச் சேர்த்து வைத்துத் தனியாக நடக்கிறேன். நேர்ந்துகொண்டு கூட்டமாகப் போகிற பாதயாத்திரை இல்லை. முதுகில் ஒன்பது கிலோ பை, காலில் ஒரு சைஸ் பெரிய ஷூ, பையின் ஓரத்தில் செருகிய குடை. மலைக்குள் புலிகள் காப்பகம், இஷ்டத்துக்குத் தனியாக விட மாட்டார்கள். அதனால் மலையை ஒட்டி அடிவாரத்திலேயே கால்வாய்க் கரை, குளத்தங்கரை, உள்ரோடு என்று போவேன். குற்றாலத்திலிருந்து கன்னியாகுமரிக்கு மூன்று தடவை போயிருக்கிறேன். செங்கோட்டை வழியாகக் கணவாய் ஏறிப் புனலூருக்கு இரண்டு தடவை. வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் வரை எத்தனை தடவை என்று ஞாபகமில்லை.

இந்த நடையில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. கொப்புளம் வந்த பிறகு பிளாஸ்திரி ஒட்டுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்பேன். காலில் சூடு தெரிந்த உடனேயே ஒட்டிவிட வேண்டும். காலை ஐந்து மணிக்குக் கிளம்பிப் பதினொன்றுக்கு நிறுத்தி, மூன்றரைக்கு மேல் மறுபடி நடந்து, வெளிச்சம் இருக்கும்போதே படுக்க இடம் பார்த்துவிட வேண்டும். கோயில் மண்டபம், பள்ளிக்கூட வராந்தா, கல்யாண மண்டபத்தில் பாத்திரம் வைக்கும் அறை. பெண்ணுக்கு நடையில் பெரிய பிரச்சினை கால் இல்லை, ஒன்றுக்குப் போவது. அதற்கும் வழி வைத்திருந்தேன். ஒரு பக்கம் மரம், மறுபக்கம் விரித்த குடை, ஆள் நடமாட்டமில்லாத இடம். அந்த ஆள் நடமாட்டமில்லாத இடம் எனக்கு எப்போதும் சுலபமாகக் கிடைத்தது. அது என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

எதற்கு நடக்கிறாய் என்று ஆஸ்பத்திரியில் கேட்பார்கள். உடம்பைக் குறைக்க என்று சொல்லிவைப்பேன். உண்மை அதுவல்ல. பிறந்த வீட்டில் அப்பாவின் கண், ஹாஸ்டலில் வார்டன் கண், வார்டில் இன்சார்ஜ் சிஸ்டரின் கண், கல்யாணத்துக்குப் பிறகு தெருவின் கண். என்னை ஒருத்தரும் பார்க்காத ஐந்தாறு நாள் எனக்கு வேண்டியிருந்தது. வேறு ஒன்றுமே நான் கேட்டதில்லை. நகை கேட்டதில்லை, பட்டு கேட்டதில்லை.

முதல் தடவை கேட்டபோது வீட்டுக்காரர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் இலஞ்சிக் குமாரர் கோயிலுக்கு முன்னால் வைத்துக் கேட்டேன். “என் பின்னால வரக் கூடாது. சத்தியம் பண்ணுங்க.” அவர் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டு, “குமாரர் மேல சத்தியம். நான் உன் பின்னால வர மாட்டேன்” என்றார். பதிலுக்கு நானும் ஒன்று ஒத்துக்கொண்டேன். சாயங்காலம் தங்குமிடம் சேர்ந்ததும் ஒரே ஒரு மெசேஜ்: ‘சேர்ந்தாச்சு.’ அவர் ‘சரி’ என்று போடுவார். எந்த ஊர், எந்த இடம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. எப்பேர்ப்பட்ட மனுஷன் என்று நான் உருகிப் போயிருக்கிறேன், போங்கள்.

இப்போது டீக்கடைக்கு வருவோம்.

“மைனியா? உங்களுக்கு அண்ணாச்சி யாரு?” என்றேன்.

அவர் கை நின்றுவிட்டது. “இல்ல மைனி… தெரியாம வாய்ல வந்துட்டு” என்றார். சொல்லும்போதே மறுபடியும் மைனி.

நர்ஸ் வேலையில் ஒன்று கற்றுக்கொண்டிருக்கிறேன். மாத்திரையைச் சாப்பிட்டதாகப் பொய் சொல்லும் நோயாளியிடம் சத்தம் போடக் கூடாது. முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாலே போதும். நின்றேன். அவர் அடுப்பைக் குறைத்தார், துண்டால் மேசையைத் துடைத்தார், துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “அண்ணாச்சிகிட்ட சொல்லிராதீய. என்னைய ஏசுவாவ.”

“எந்த அண்ணாச்சி?”

“மண்டி அண்ணாச்சிதான். நம்ம தோட்டத்துக் காய் பூரா அவுகளுக்குத்தான போவுது.” மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்த பிறகு அவருக்குப் பெருமை வந்துவிட்டது. பாவம், நான் பாராட்டுவேன் என்று நினைத்திருக்கிறார். “ஏழு வருசமா இந்த ஏரியா நாங்கதான் பாக்கோம். ஒரு குறை வச்சிருக்கமா, நீங்களே சொல்லுங்க. அன்னைக்கு சிவசைலத்துல மழ கொட்டிச்சே, ஒரு ஆட்டோ வந்துச்சுல்லா? நாந்தான் அனுப்புனேன்.”

அந்த ஆட்டோவைப் பற்றி நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஆள் இல்லாத ரோட்டில், கொட்டுகிற மழையில், கைகூடக் காட்டாமல் வந்து நின்ற ஆட்டோ. உலகம் அவ்வளவு மோசமில்லை என்று சொல்வதற்கு அதுதான் என் முதல் உதாரணம்.

“காட்டுங்க” என்றேன், அவர் சட்டைப்பையில் இருந்த போனைப் பார்த்து. எதைக் கேட்கிறேன் என்று எனக்கே தெரியாது, ஏதோ இருக்கும் என்று மட்டும் தெரிந்தது. அவர் காட்டினார்.

ஒரு வாட்ஸப் குரூப். பெயர் ‘மைனி’. முகப்புப் படம் என் முதுகுப் பை. உள்ளே முப்பத்திச் சொச்சம் ஆண்கள். காய் வெட்டுகிறவர்கள், லாரி டிரைவர்கள், தோட்டக்காரர்கள், கடைக்காரர்கள். மேலே தள்ளிக்கொண்டே போனேன். நான் பின்னாலிருந்து, நான் பக்கவாட்டில், நான் வாய்க்காலில் கால் கழுவுகிறேன். கோயில் மண்டபத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறேன். ‘மைனி பாபநாசம் தாண்டியாச்சு.’ ‘மைனி செருப்பு மாத்துதாவ, கால் வலி போல.’ அதற்குக் கீழே ஒன்று: ‘மைனி ஓரமா ஒதுங்குதாவ. கால்வா பக்கம் ஒரு பயலும் போவாதீய.’ அந்த மெசேஜுக்கு என் வீட்டுக்காரர் ஒரு கட்டைவிரலைப் போட்டிருந்தார்.

சத்தியமாகச் சொல்கிறேன், ஆயிரம் பேரின் ஆடையைக் கழற்றி உடம்பு துடைத்துவிட்டிருக்கிறேன், வெட்கம் என்பதே எனக்கு மரத்துப்போயிருந்தது. அந்தக் கட்டைவிரலைப் பார்த்ததும் குடையும் மரமும் விலகி நடுரோட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. டீயை அப்படியே வைத்தேன்.

“ஐயோ மைனி, எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தான்” என்றார் அவர். நல்ல மனிதர்தான். அவர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபமில்லை. எல்லாக் கோபமும் ஒருத்தருக்காகவே மீதி இருந்தது.

அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்து பன்னிரண்டு வருடத்தையும் ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்தேன். கடையத்தில் பள்ளிக்கூட வராந்தாவைத் திறந்துவிட்டவர், களக்காட்டில் வெந்நீர் வைத்துக் கொடுத்த குடும்பம், போகிற வழியெல்லாம் “குடிச்சிட்டுப் போங்க” என்று நீண்ட இளநீர். இளநீர்! அதை வைத்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டாமா? தென்னை நிற்கிற ஊரில் மனுஷர்கள் நல்லவர்கள், தண்ணீர் ஓடுகிற மண்ணில் மனசும் இளகும் என்று ஒரு சித்தாந்தமே வைத்திருந்தேன். ஆஸ்பத்திரி கேன்டீனில் அதைப் பற்றிப் பிரசங்கம் வேறு செய்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை, ஆடி மாதம், கிழக்கே சுந்தரபாண்டியபுரம் பக்கம் நடந்தேன். சூரியகாந்திக்கு நடுவில் போட்டோ எடுக்கும் கார்க்காரர்களைத் தவிர ஈ காக்கை இல்லை. கேட்ட வீட்டில் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. திரும்பி வந்ததும் வீட்டுக்காரர் சொன்னார்: “வறண்ட காடு, அங்கன எதுக்குப் போற? மலை ஓரமாவே போ, காத்து நல்லாருக்கும்.” அக்கறை என்று நினைத்தேன். அந்தப் பக்கம் அவருக்கு வியாபாரம் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. நம் ஊர்களில் புது ஆள் ஒருத்தி தெருவில் கால் வைத்தால் முதல் கேள்வி என்ன? எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ள, எங்க போற. பெட்ரோல் போடுகிற இடத்தில்கூடக் கேட்பார்கள். பன்னிரண்டு வருடத்தில் என்னை ஒருத்தர்கூட அதைக் கேட்டதில்லை. எவ்வளவு நாகரிகமான ஜனங்கள் என்று நான் மெச்சிக்கொண்டேன். தெரிந்தவளை யார் கேட்பார்கள்?

எழுந்து பையை மாட்டினேன். போனை அணைத்தேன். “உங்க குரூப்ல போடுங்க, மைனி திரும்பிட்டாவன்னு” என்றேன்.

“வீட்டுக்கா?”

“உங்களுக்கு எதுக்கு?” என்றேன். பதினாறு வயதில் இப்படிப் பேசியது, அதற்குப் பிறகு இப்போதுதான்.

மலையை முதுகில் போட்டுக்கொண்டு கிழக்கே நடந்தேன். பத்து நிமிடத்தில் பின்னால் ஒரு பைக் சத்தம். நான் மெதுவாக நடந்தால் அதுவும் மெதுவாக வந்தது. தை மாதம், வயலெல்லாம் தண்ணீர் நிற்கிறது. ஷூவைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரப்பில் இறங்கினேன். வரப்பிலிருந்து வாய்க்கால், முழங்கால் தண்ணீர், வாய்க்காலைத் தாண்டி ஒரு குளத்தங்கரை. திரும்பிப் பார்த்தேன். பைக்கில் வந்தவர் ரோட்டில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். வரப்பில் பைக் வராது. பன்னிரண்டு வருடத்தில் நான் கற்ற வித்தை முதல் தடவையாக எனக்கே எனக்கு உபயோகப்பட்டது.

தென்னை குறைந்துகொண்டே வந்தது. ஒரு தென்னைகூடக் கண்ணில் படாத இடம் வரைக்கும் நடப்பது என்று வைராக்கியம். பதினொன்றுக்கு நிறுத்த வேண்டும் என்ற என் சட்டத்தை நானே மீறினேன். மதியத்துக்கு மேல் பனையும் உடைமரமும்தான். இடது குதிகாலில் சூடு தெரிந்தது, நின்று பிளாஸ்திரி ஒட்டப் பொறுமை இல்லை, கொப்புளம் வந்தது. அழுதுகொண்டே நடந்தேன். அவரை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே நடந்தேன், கேட்க ஆள் இல்லை. நான் ஆசைப்பட்ட ஆளில்லாத ரோடு கடைசியில் கிடைத்துவிட்டது. பயமாக இருந்தது. எனக்குத் தைரியம் உண்டா இல்லையா என்பதே எனக்குத் தெரியாது என்று அந்த ரோட்டில்தான் தெரிந்தது. தைரியம் வேண்டியிருக்கும் இடத்துக்கு அவர் என்னை விட்டதே இல்லையே.

ஒரு சின்ன ஊர் வந்தது. முதல் வீட்டில் தண்ணீர் கேட்டேன், கதவைச் சாத்திக்கொண்டார்கள். கட்டிலில் படுத்திருந்த ஒருத்தர் தலையைத் தூக்கி, “பையில என்ன வச்சிருக்க? பிள்ள பிடிக்க வந்தியா?” என்றார். கோயிலில் தங்கலாமா என்றதற்கு, “வெளியூர்க்காரங்களுக்கெல்லாம் கெடையாது, போ” என்று பதில் வந்தது. ஒரு நாய் தெரு முடிகிற வரைக்கும் விடவில்லை, குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தேன். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது.

கடைசி வீட்டு வாசலில், மடியில் சொளவை, முறம்தான், வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள் ஒருத்தி. என் வயதுதான் இருக்கும். கை நிற்கவில்லை, கண் மட்டும் என்மேல்.

“யாரு நீ?”

“தென்காசி பக்கம்.”

“தென்காசியில எங்கன?”

“இலஞ்சி.”

“இங்கன எதுக்கு வந்த? கூட யாரும் இல்லையா? மாப்பிள்ள எங்க? சண்ட போட்டுட்டு வந்தியா? பிள்ளைய எத்தன? ஆம்பள மாதிரி ஷூவ மாட்டிக்கிட்டு எங்க போற?”

ஒவ்வொன்றுக்கும் நின்று பதில் சொன்னேன். ஆதார் அட்டையைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். “இது நீதானா? கெழடு தட்டிப் போச்சே” என்றாள். பிறகு அட்டையைச் சொளவுக்கு அடியில் செருகிக்கொண்டாள். “காலையில போவும்போது வாங்கிக்கோ. ஆட்டுக்கொட்டில் பக்கத்துல ஓலைச் சாய்ப்பு இருக்கு. அங்கன படு. பானையில தண்ணி இருக்கு.”

தண்ணீரை மொண்டு குடித்தேன். உப்பு கரித்தது. இரண்டாவது செம்பு குடிக்கும்போது அழுகை வந்துவிட்டது, தேம்பித் தேம்பி.

“ஏட்டி, எதுக்கு அழுத? யாரும் அடிச்சிட்டாவளா?”

“இல்ல. நீங்க யாருன்னு கேட்டீயள்லா, அதுக்கு.”

“சவத்தப் போட்டு… கோட்டிக்காரியால்லா இருக்க” என்று என்னைப் பைத்தியக்காரியாக்கிவிட்டு இன்னொரு கட்டுக்கு நூல் சுற்றினாள். பீடி சுற்றும் கையில் ஒரு தாளம் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் அங்கே இருந்தேன். கொப்புளம் ஆற வேண்டியிருந்தது. அவளுடைய மகனின் காலில் இருந்த ஆறாத புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டேன். மூன்றாம் நாள் அட்டையை வாங்கிக்கொண்டு நடந்தே கிளம்பி, வழியில் ஒரு பள்ளிக்கூடத் திண்டில் ராத்தங்கி, மறுநாள் மதியம் இலஞ்சிக்கு வந்து சேர்ந்தேன்.

வீட்டுக்காரர் மண்டிக்குப் போகவில்லை. நாலு நாள் தாடி. சோற்றைத் தொட்டிருக்க மாட்டார் என்று முகமே சொன்னது. “ஏட்டி, உயிரோட இருக்கியா” என்று கையைப் பிடித்தார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, அந்தக் கையை வெட்டிப் போட வேண்டும் போலவும் இருந்தது. உருவிக்கொண்டேன்.

“குமாரர் மேல சத்தியம் பண்ணுனீங்கல்லா?”

“ஆமா பண்ணுனேன். நான் உன் பின்னால வர மாட்டேன்னு பண்ணுனேன். வந்தேனா? பன்னெண்டு வருசத்துல ஒரு நாளாவது வந்தேனா, சொல்லு.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படி நம்பிக்கொண்டிருந்தார். சாமிக்குப் பயந்தவர், சத்தியத்தை மீற மாட்டார். அதனால் எடை போடும்போது தராசில் கண் வைக்கிற மாதிரி, அன்றைக்குக் கோயில் வாசலில் ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார். நான் வர மாட்டேன். மற்றவர்கள் வருவதைப் பற்றிச் சத்தியத்தில் பேச்சே இல்லை.

“ஏதாவது ஆயிருந்தா என்ன பண்ணியிருப்ப?”

“ஆயிருந்தா எனக்கு ஆயிருக்கும்” என்றேன். “முப்பது ஆம்பளைக்கு என்னையத் தூங்க வச்சுக் காட்டுனீங்களே, அது மட்டும் என்ன?”

தலையைக் குனிந்துகொண்டார். குரூப்பை என் கண் முன்னாலேயே கலைத்தார். இனி யாரையும் அனுப்ப மாட்டேன் என்று திரும்பவும் இலஞ்சிக் கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்துக் கையைத் தூக்கினார். போதும், கையை இறக்குங்க என்றேன்.

ஆனியில் சாரல் தொடங்கியதும் மறுபடி கிளம்பினேன். எப்போதும் போலக் குற்றாலத்தில் தலையை நனைத்துவிட்டுத்தான் நடை. அருவிக்கரையில் எண்ணெய் தேய்ப்பவர் ஒருத்தர், இடுப்பில் துண்டு, கையில் எண்ணெய்க் கிண்ணம், என் பையைப் பார்த்துவிட்டு, “அக்கா, பாறை வழுக்கும், பையப் பையப் போங்க” என்றார். அக்கா என்றுதான் சொன்னார். சாதாரணமாக எல்லோருக்கும் சொல்வதுதான். நான் நின்று, “யாரு சொல்லச் சொன்னா?” என்று கேட்டேன். அந்த மனிதர் முழித்தார். “வழுக்குற பாறைக்கு யாருக்கா சொல்லணும்?” என்றார். அவர் உண்மையாகவே அப்பாவியா, இல்லை ‘மைனி என்று மட்டும் சொல்லிவிடாதே’ என்று பாடம் படித்துவிட்டு நிற்கிறாரா, எனக்குத் தெரியவில்லை. பழைய குற்றாலம் தாண்டுவதற்குள் ஒரு கடைக்காரம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கவில்லை. தாகமாகத்தான் இருந்தது. இதைத்தான் அவர் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார். இனிமேல் யார் நல்லது செய்தாலும் அவர் முகம்தான் தெரிகிறது. ஆயிரப்பேரி விலக்கிலிருந்து பஸ் ஏறித் திரும்பிவிட்டேன்.

வீட்டுக்காரர் இன்னும் கேட்கிறார். சோறு போடும்போது, டிவி பார்க்கும்போது, நான் நல்ல மூடில் இருக்கிறேன் என்று தோன்றும்போது. “அந்த நாலு நாளு எங்கதான் இருந்த? சும்மா சொல்லேன், நான் என்ன செய்யப்போறேன்?” என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். ஒரு மூட்டை தேங்காயோடு போய் நிற்பார், நன்றி சொல்வார், அவள் போன் நம்பரை வாங்கிக்கொள்வார். அடுத்த முறை நான் போனால் அவள் என்னை யாரென்று கேட்க மாட்டாள்.

அதனால் அந்த ஊரின் பெயரை இங்கேயும் எழுதவில்லை. பனைமரமும் உப்புத் தண்ணீரும் என்று மட்டும் எழுதியிருக்கிறேன், நம் பக்கத்தில் அப்படி நூறு ஊர் உண்டு. இதை அவர் படிப்பார்.